ஏழாம் வகுப்பு அறிவியல் தேர்வு: உங்கள் கம்ப்யூட்டரைக் கேள்வி கேட்க வையுங்கள்

"பையன் படிப்புக்காகத்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம். இப்போது கேம்ஸும் சினிமாப் பாட்டும்தான் ஓடுகிறது." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் ஆறே மாதத்தில் காதில் விழும் வாக்கியம் இது. கோட்டூர்புரத்தில் என் அக்கா வீட்டிலும் இதே கதைதான். அக்கா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியல் இடைத்தேர்வில் 50-க்கு 19 மதிப்பெண். விடைத்தாளைப் பார்த்த அத்தான், கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார். "அடுத்த தேர்விலும் இப்படி என்றால் யாருக்காவது விற்றுவிடுவேன்" என்றார்.

சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "இரண்டு வாரம் மட்டும் டயம் கொடுங்கள்" என்று கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் செய்ததைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இதற்குப் பணம் கொடுத்து வாங்கும் சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. மவுஸ் பிடிக்கவும், பைல் ஒன்றை சேவ் செய்யவும் தெரிந்தால் போதும்.

எங்கே தவறு?

முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. விடைத்தாளை மட்டும் பார்த்தேன். 'அடர்த்தி என்றால் என்ன?' என்ற கேள்விக்கு, புத்தகத்தில் உள்ளபடியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். அடுத்த கேள்வி, 'இரும்பு ஆணி நீரில் மூழ்குகிறது. இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது?' அதற்கு அவள் எழுதியிருந்த பதில்: கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்.

"அப்போ கப்பல் கனமில்லையா?" என்று கேட்டேன்.

"கப்பல்ல இன்ஜின் இருக்கே மாமா!" என்றாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. இன்ஜினியரிங் இறுதியாண்டில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை வரி மாறாமல் ஒப்பித்தேன். "அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லுங்கள்" என்றார் எதிரே இருந்தவர். விழித்தேன். மனப்பாடம் செய்தது எனக்குக் கைகொடுத்த இடங்கள் உண்டு. கைவிட்ட இடம் அது.

ஆக, பிரச்சினை அவள் படிக்காதது அல்ல. படித்ததையே திரும்பத் திரும்பப் படித்ததுதான். யாரும் அவளைத் திருப்பிக் கேட்கவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். அதில் ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு முறை படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள்: 83 சதவீதம். மற்றவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். நான்கு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

தேர்வுக்கு முந்தைய இரவு 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவதும், தேர்வு அறையில் மறந்து போவதும் இதனால்தான். எனவே கம்ப்யூட்டரிடம் பதிலை வாங்குவதைவிட, அதைக் கேள்வி கேட்க வைப்பதுதான் நமக்குப் பலன் தரும். எப்படி என்று பார்ப்போம்.

1. முதலில் ஒரு போல்டர்

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் 'நியூ' என்பதில் மவுஸை வைத்து, 'போல்டர்' என்பதில் கிளிக் செய்திடுங்கள். 'அறிவியல்' என்று பெயர் கொடுங்கள்.

தமிழில் எப்படி டைப் செய்வது என்கிறீர்களா? விண்டோஸ் 11 எனில், 'செட்டிங்ஸ்' சென்று 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதில் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' என்ற பிரிவைத் திறக்கவும். 'ஆட் எ லாங்குவேஜ்' என்பதில் கிளிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பின் தமிழுக்கான 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' பகுதியில், ஒலிப்பு முறையில் டைப் செய்யும் 'பொனடிக்' கீபோர்டைச் சேர்த்துக் கொள்ளலாம். அம்மா என்பதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்தால் தமிழில் வரும். மொழியை மாற்ற, விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள். இவ்வளவுதான்!

அடுத்து பாடப்புத்தகம். தமிழ்நாடு அரசின் பாடநூல் கழகம் தன் புத்தகங்களை பி.டி.எப். பைல்களாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கூகுளில் 'தமிழ்நாடு பாடநூல் கழகம்' என்று தேடுங்கள். கவனம்: தேடல் முடிவில் வேறு பல தளங்களும் வரும். அவற்றில் பெரிய பச்சை நிற 'டவுண்லோட்' பட்டன்கள் இருந்தால், பெரும்பாலும் அவை விளம்பரங்களே. முகவரி அரசு தளத்தினுடையதுதானா என்று பார்த்துவிட்டு டவுண்லோட் செய்திடுங்கள். 'இலவச மாதிரித் தேர்வு' என்று சொல்லி மொபைல் எண் கேட்கும் தளங்களிலும் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

பாடங்களை வீடியோவாகப் பார்க்க விரும்பினால், பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட 'மணற்கேணி' இருக்கிறது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பாடங்கள் உண்டு. அதன் வெளியீட்டு விழா நடந்ததும் எங்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான்.

2. கேள்வித்தாள் தயாரிப்போம்

எங்கள் இரண்டு வாரத்தின் முதுகெலும்பே இதுதான். உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் 'லிப்ரே ஆபீஸ்' என்ற இலவசத் தொகுப்பை அதன் சொந்த இணையதளத்தில் இருந்து டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். அதில் உள்ள 'கால்க்' என்ற புரோகிராம் நமக்குப் போதும்.

புதிய ஷீட்டைத் திறந்து ஏ காலத்தில் கேள்வி, பி காலத்தில் பதில், சி காலத்தில் மதிப்பெண், டி காலத்தில் 'ஏன் தவறு?' என்று தலைப்பிடுங்கள். கேள்விகளை நீங்கள் டைப் செய்ய வேண்டாம், பிள்ளையே டைப் செய்யட்டும். புத்தகத்தில் ஒரு பத்தியைப் படித்துவிட்டு, 'இதில் என்ன கேள்வி கேட்பார்கள்?' என்று யோசிப்பதே பாதிப் படிப்பு. ஒரு பாடத்துக்கு 20 கேள்விகள் போதும். அவற்றில் பாதியாவது 'ஏன்?', 'எப்படி?' என்று கேட்பவையாக இருக்க வேண்டும். எல்லாமே 'என்றால் என்ன?' என இருந்தால் பழைய கதைதான்.

இனி பதில்களை மறைக்க வேண்டும். பி என்ற எழுத்தின் மீது ரைட் கிளிக் செய்து, மெனுவில் 'ஹைட் காலம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதில்கள் மறைந்துவிடும். பிள்ளை ஒரு தாளில் பேனாவால் பதில்களை எழுதட்டும். தேர்வும் பேனாவால்தானே! எழுதி முடித்ததும் ஏ, சி இரண்டு எழுத்துகளையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து 'ஷோ காலம்ஸ்' கொடுங்கள். பதில்கள் மீண்டும் தோன்றும். எக்ஸெல்லில் இவை 'ஹைட்', 'அன்ஹைட்' என்று இருக்கும்.

சரியானதற்கு 1, தவறுக்கு 0 என்று சி காலத்தில் போடுங்கள். கடைசி செல்லில் கிளிக் செய்து, மேலே சிக்மா குறியில் 'சம்' கொடுத்து என்டர் தட்டினால் மொத்த மதிப்பெண் கிடைக்கும்.

அக்கா மகளுக்கு முதல் முறை 20-க்கு 7 வந்தது. முகம் வாடிவிட்டது. "இது ரிப்போர்ட் கார்டு இல்லை, உனக்கு மட்டும் தெரியும் கணக்கு" என்று சொல்லித் தேற்றினேன். மறுநாள் எல்லாக் கேள்விகளையும் படிக்க வேண்டியதில்லை. பூஜ்யம் போட்ட 13 மட்டும் படித்தால் போதும். இது புரிந்ததும் அவளுக்கே தெம்பு வந்தது. ஆனால் பரீட்சை எடுக்கும்போது மட்டும் 20-ஐயும் எழுத வேண்டும்.

ஒரு விஷயம். கேள்வியைக் கொடுத்தால் பதிலை எழுதித் தரும் ஏ.ஐ. அரட்டைத் தளங்கள் இன்று இருக்கின்றன. அவற்றில் பதிலை வாங்கி பி காலத்தில் ஒட்டினால் ஷீட் ஐந்து நிமிடத்தில் நிரம்பும். தலை நிரம்பாது. அவை தவறாகச் சொல்வதும் உண்டு. பதிலுக்குப் பாடப்புத்தகமே போதும்.

3. அடர்த்தி: மிதப்பதும் மூழ்குவதும்

இனி கப்பல் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 'ஃபெட்' என்ற பெயரில் அறிவியல் சோதனைகளை அனிமேஷன் வடிவில் இலவசமாகத் தருகிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் இது. பி, எச், ஈ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து கூகுளில் தேடினால் தளம் கிடைக்கும். சில சோதனைகளுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பிரவுசரிலேயே இயங்கும், இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

அதில் 'டென்சிட்டி' என்பதைத் திறந்திடுங்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டைகளும் இருக்கும். கட்டையின் நிறையையும் பருமனையும் நாமே மாற்றலாம். இங்கேதான் ஒரு விதி: கட்டையைத் தண்ணீரில் போடும் முன், 'மிதக்குமா, மூழ்குமா?' என்பதைத் தாளில் எழுத வேண்டும். எழுதாமல் மவுஸைத் தொடக்கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு கேம் ஆகிவிடும்.

நிறையை மாற்றாமல் பருமனை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். "கனம் அதேதானே, அதனால் மூழ்கும்" என்று எழுதினாள். மூழ்கிக் கிடந்த கட்டை மேலே வந்து மிதந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்போது கால்க் ஷீட்டில் ஒரு கணக்கு. அடர்த்தி என்பது நிறையைப் பருமனால் வகுத்தால் வருவது. ஒரு செல்லில் நிறையையும் அடுத்த செல்லில் பருமனையும் டைப் செய்யுங்கள். மூன்றாவது செல்லில் சமக்குறி போட்டு, நிறை உள்ள செல்லில் கிளிக் செய்து, வகுத்தலுக்கான சாய்கோடு போட்டு, பருமன் உள்ள செல்லில் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். அடர்த்தி தயார். தண்ணீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். இரும்புக்குச் சுமார் 7.8. பாதரசத்துக்கு 13.6. இரும்பு ஆணி தண்ணீரில் மூழ்கும், ஆனால் பாதரசத்தில் மிதக்கும். ஏன் என்று எண்களே சொல்கின்றன.

அப்படியானால் கப்பல்? சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வந்தோம். எடை 100 கிராம். அதில் 250 மில்லி தண்ணீர் பிடிக்கும். உலோகத்தின் பருமன் 100-ஐ 7.8-ஆல் வகுத்தால் சுமார் 13 மில்லி. ஆக டம்ளர் அடைத்துக் கொள்ளும் மொத்த இடம் 263 மில்லி. காலி டம்ளரின் சராசரி அடர்த்தி 100-ஐ 263-ஆல் வகுத்தால் 0.38. ஒன்றை விடக் குறைவு, ஆகவே மிதக்கும். தண்ணீர் நிரப்பினால் நிறை 350 கிராம், இடம் அதே 263. அடர்த்தி 1.33. மூழ்கும். வாளியில் டம்ளரை நேராக விட்டுப் பார்த்தோம், இரண்டும் அப்படியே நடந்தது. கப்பலும் ஒரு பெரிய டம்ளர்தான். உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இன்ஜின் கப்பலை நகர்த்துகிறது, மிதக்க வைப்பதில்லை.

4. அலகுகள்: ஒரு வெள்ளத்தின் கணக்கு

அலகு மாற்றம் என்றாலே பிள்ளைகளுக்குக் கசப்பு. 'இது எதற்கு மாமா?' என்று அவளும் கேட்டாள். அதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு பதில் இருந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாறு பெருக்கெடுத்து கோட்டூர்புரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அக்கா குடும்பம் அப்போது கீழ்த்தளத்தில் குடியிருந்தது. கைக்குழந்தையாக இருந்த இவளைத் தூக்கிக் கொண்டு மாடிக்கு ஓடினார்கள். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர், துணிமணி, அத்தானின் சான்றிதழ்கள் எல்லாம் தண்ணீரில் போயின. அதன் பிறகு இத்தனை வருடம் கழித்துத்தான் மறுபடி ஒரு கம்ப்யூட்டர் அந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது. அத்தானின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்போது செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து திறக்கப்பட்ட உபரி நீர் நொடிக்குச் சுமார் 29,000 கன அடி. மற்ற ஏரிகளின் நீரும் மழைநீரும் வழியில் அதோடு சேர்ந்தன. செய்தியில் 'கன அடி' என்று கேட்டால் என்ன புரிகிறது? ஷீட்டில் போட்டுப் பார்த்தோம். ஒரு அடி என்பது 30.48 சென்டிமீட்டர். அதை மூன்று முறை பெருக்கினால் ஒரு கன அடி, அதாவது சுமார் 28,317 கன சென்டிமீட்டர். 1,000 கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால் இது 28.3 லிட்டர். 29,000-ஐ 28.3-ஆல் பெருக்கினால் 8,20,700 லிட்டர்.

"தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் 12,000 லிட்டர் என்று வைத்துக் கொள். எத்தனை லாரி?" என்றேன். வகுத்தாள். 68.

"ஒரு நாளைக்கா மாமா?"

"ஒவ்வொரு நொடிக்கும்."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அவளே ஷீட்டில் இன்னொரு வரி சேர்த்து, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டாள். அலகு மாற்றத்தில் அதற்குப் பின் அவள் தவறு செய்யவில்லை. பாடத்துக்கும் வீட்டுக்கும் ஒரு நூல் இழுத்துக் கட்டிவிட்டால் பிள்ளைகள் பிடித்துக் கொள்கிறார்கள். உங்கள் ஊரில் ஏரி, கிணறு, மேல்நிலைத் தொட்டி என்று ஏதாவது இருக்குமே, அதை எடுத்துக் கொள்ளுங்கள்.

5. தொலைவும் இடப்பெயர்ச்சியும்

இவ்விரண்டையும் குழப்பிக் கொள்ளாத பிள்ளை அபூர்வம். நடந்த பாதையின் முழு நீளம் தொலைவு. புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் இடையே உள்ள நேர்க்கோட்டு நீளமும் திசையும் இடப்பெயர்ச்சி.

பிரவுசரில் கூகுள் மேப்ஸ் திறந்து உங்கள் வீட்டைக் கண்டுபிடியுங்கள். அதன் மீது ரைட் கிளிக் செய்து, 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் பள்ளியின் மீது கிளிக் செய்தால் நேர்க்கோடு ஒன்று வந்து நீளத்தைக் காட்டும். அதுதான் இடப்பெயர்ச்சியின் அளவு. அதே இரண்டு இடங்களுக்கும் 'டைரக்ஷன்ஸ்' கேட்டால் சாலை வழியே தொலைவு கிடைக்கும். எங்களுக்கு ஆறு உதவியது. அக்கா வீட்டில் இருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள நந்தனம் பார்வைக்கு மிகவும் பக்கம். ஆனால் பாலத்தைச் சுற்றிக் கொண்டுதான் போக வேண்டும். இரண்டு அளவுகளும் ஏன் வேறு என்று விளக்க வேண்டியதே இல்லை.

கூடவே ஒரு கேள்வி: வீட்டில் இருந்து 1 கி.மீ. தள்ளியுள்ள நூலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தால்? தொலைவு 2 கி.மீ. இடப்பெயர்ச்சி பூஜ்யம். வேகத்துக்கும் இதே போல் ஒரு கணக்கு: போக்குவரத்து நெரிசலில் பஸ் 5 கி.மீ. செல்ல 20 நிமிடம் ஆகிறது. 5,000 மீட்டரை 1,200 நொடியால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 4.2 மீட்டர். அதாவது மணிக்கு 15 கி.மீ. நொடிக் கணக்கை மணிக் கணக்காக்க 3.6-ஆல் பெருக்க வேண்டும் என்பதை இப்படிப் போட்டுப் பார்த்தால் மறக்காது.

6. அணுவைக் கட்டுவோம்

மீண்டும் ஃபெட் தளம். இம்முறை 'பில்ட் ஆன் ஆட்டம்'. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் மூன்றும் தனித்தனிக் கிண்ணங்களில் இருக்கும். மவுஸால் இழுத்து அணுவைக் கட்ட வேண்டும். 6 புரோட்டான், 6 நியூட்ரான், 6 எலக்ட்ரான் வைத்தால் கார்பன். அணு எண் 6, நிறை எண் 12.

இப்போது ஒரு எலக்ட்ரானை வெளியே எடுத்தால் என்ன ஆகும்? 'வேறு தனிமம் ஆகிவிடும்' என்று எழுதினாள். எடுத்துப் பார்த்தாள். பெயர் கார்பனாகவே இருந்தது. மின்சுமை மட்டும் நேர் 1 ஆனது. எலக்ட்ரானைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு புரோட்டானை எடுத்தாள். பெயர் போரான் என்று மாறிவிட்டது! தனிமத்தின் அடையாள அட்டை புரோட்டான் எண்ணிக்கைதான் என்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்கிறது. அதைத் தன் கையால் ஒரு முறை தவறாகச் செய்து பார்த்த பிள்ளைக்கு அந்த வரி மறக்காது.

எவ்வளவு நேரம்?

ஒரு நாளைக்கு 50 நிமிடம் போதும். விண்டோஸில் உள்ள 'கிளாக்' புரோகிராமில் 'டைமர்' திறந்து 25 நிமிடம் வையுங்கள். முதல் 25 நிமிடம் பரீட்சை எழுதித் திருத்துவது. ஐந்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு, அடுத்த 25 நிமிடம் தவறிய கேள்விகளுக்கான பகுதியைப் படிப்பதோ, அனிமேஷன் பார்ப்பதோ. ஒரு பாடத்தை இன்று, நாளை, பின் நான்கு நாள் கழித்து, பின் ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுச் சோதியுங்கள். கொஞ்சம் மறந்த பின் நினைவுபடுத்தினால்தான் ஆழமாகப் பதியும்.

கம்ப்யூட்டர் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருப்பது நல்லது. அத்தான் முதல் மூன்று நாள் பேப்பர் படிப்பது போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அவரே பி காலத்தை மறைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டரை விட்டு வெளியே

திரையில் எல்லாம் முடிந்துவிடாது. சனிக்கிழமை இருவரும் அண்ணா நூற்றாண்டு நூலகம் போனோம். 2010-ல் திறக்கப்பட்ட இந்த ஒன்பது தளக் கட்டடத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஷீட்டில் டி காலத்தில் எழுதிய 'ஏன் தவறு?' குறிப்புகளை மட்டும் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தாள். அதற்கான புத்தகங்களை மட்டும் தேடினாள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து நூலகத்துக்குப் போவதன் சுகமே தனி. கோட்டூர்புரத்திலேயே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும், அதே வளாகத்தில் 1988-ல் அமைந்த பிர்லா கோளரங்கமும் உள்ளன. சென்னை வருபவர்கள் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

ரிசல்ட் என்ன?

கடைசி முறை ஷீட்டில் 20-க்கு 17 எடுத்தாள். உண்மையான தேர்வில் 50-க்கு 34. வகுப்பில் முதலிடம் எல்லாம் இல்லை. உயிரியல் பாடங்களுக்கு எங்களுக்கு நேரம் போதவில்லை, அதில்தான் பல மதிப்பெண்கள் போயின. அடுத்த தேர்வுக்கு அங்கிருந்துதான் தொடங்கப் போகிறோம். போர்வை இப்போது பீரோவுக்குப் போய்விட்டது.

ஆனால் மதிப்பெண்ணை விட எனக்கு நிறைவு தந்தது வேறொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது டம்ளரில் மிதந்த ஐஸ் கட்டியைக் காட்டி, "மாமா, ஐஸும் தண்ணிதானே? ஒரே பொருள் எப்படி மிதக்கும்?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் தெரியும். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும், அதனால் அடர்த்தி குறையும். சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிறுத்திக் கொண்டு, "நீ என்ன நினைக்கிறாய், முதலில் எழுது" என்றேன்.

எழுந்து போய்க் கம்ப்யூட்டரை ஆன் செய்து, ஷீட்டில் 21-வது கேள்வியாக டைப் செய்தாள். பி காலத்தைக் காலியாக விட்டாள்.

நீங்களும் இன்று மாலையே ஒரு ஷீட்டைத் திறந்து பத்துக் கேள்விகளுடன் ஆரம்பித்துப் பாருங்களேன்!